துண்டுக்கு அடியில் ஒரு கூடை

அவருடைய முகம் எனக்கு இப்போது சரியாக ஞாபகமில்லை. சொன்னால் வெட்கக்கேடு. ஆறேழு வருஷம் ஒரே கூரையின் கீழ் பாடம் நடத்தியிருக்கிறோம். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான் மறைப்பு. ஆனாலும் கண்ணை மூடினால் முகம் வருவதில்லை. பச்சைக் கரை போட்ட ஒரு பழைய துண்டுதான் வருகிறது. அந்தத் துண்டுக்கு அடியில் ஒரு சின்னக் கை நுழைகிறது, வெளியே வருகிறது. அப்புறம் இன்னொரு கை. சில நாள் மத்தியானத் தூக்கத்தில் இந்தக் கைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். நானும் எண்ணிக்கொண்டே போய், பாதியில் கணக்கு தப்பி, விழித்துக்கொள்வேன்.

பிள்ளைகளுக்கு அவர் பெரிய டீச்சர், நான் சின்ன டீச்சர். வயதும் அப்படி, உடம்பும் அப்படி. அவரை நினைத்தால் கூடவே மாதம்மா என்ற பிள்ளையும் வந்துவிடுவாள். ஒரே ஒரு வாக்கியம் பேசி அவள் படிப்பைக் கெடுக்கப் பார்த்தவள் நான். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் பெரிய டீச்சரைச் சொன்னதாகும்.

அறுபதுகளின் நடுவில், மழை பொய்த்த ஒரு வருஷத்தில் அங்கே வேலைக்குப் போனேன். பொம்மிடியில் ரயிலை விட்டு இறங்கி, தர்மபுரி வந்து, பாப்பாரப்பட்டி பஸ்ஸைப் பிடித்து, அதற்கு மேலும் இரண்டு மைல் நடை. தகரப் பெட்டிக்குள் பயிற்சிப் பள்ளியில் வாங்கிய சான்றிதழ். தலைக்குள் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் ஒரு அம்மாள் கொண்டையில் சாக்பீஸைச் செருகிக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கண் மட்டும் பாதி திறந்திருந்தது. நான் தொண்டையைக் கனைத்தேன்.

"தூங்கலம்மா, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நடந்தா வந்த? சாப்டியா?"

இல்லை என்று தலையாட்டுவதற்குள் தூக்குப் போசியைத் திறந்து, கேழ்வரகுக் களியில் பாதியைப் பிட்டு, கீரைக் கடைசலோடு மூடியில் வைத்து நீட்டினார். "ரொம்ப நன்றிங்க டீச்சர்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நன்றியா? அது மேடையில சொல்றதும்மா. கடைசியா ஒருத்தரு எந்திரிச்சுச் சொல்லுவாரே, அதுக்குள்ள பாதிச் சனம் வூட்டுக்குப் போயிருக்கும். நீ சாப்புடு, ஆறிப்போவுது."

எனக்குச் சுருக்கென்றது. எங்களுக்குப் பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியனுப்பியதே இதைத்தான். பிள்ளைகளுக்கு முதலில் நன்றி சொல்லப் பழக்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும். மறுநாளே என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை ஆரம்பித்துவிட்டேன். பலப்பம் கொடுத்தால் "நன்றி டீச்சர்", தண்ணீர் குடிக்கப் போகச் சொன்னால் "நன்றி டீச்சர்". தட்டிக்கு அந்தப் பக்கம் ஒன்றாவதும் இரண்டாவதும் அவருடையவை. அங்கேயிருந்து அந்தச் சொல் ஒருநாளும் கேட்டதில்லை.

அங்கே இருந்தது கூடைதான்.

மத்தியான மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், மூங்கில் கூடை ஒன்றை முக்காலிமேல் வைத்து, அதன்மேல் அந்தப் பச்சைக் கரைத் துண்டை விரிப்பார். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வரிசையாக வர வேண்டும். கையை மூடிக்கொண்டு துண்டுக்கு அடியில் விட வேண்டும். மூடிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். உள்ளே எதையாவது வைக்கலாம், இருப்பதை எடுக்கலாம், இரண்டும் செய்யலாம், ஒன்றும் செய்யாமலும் வரலாம். ஆனால் எல்லாரும் கையை விட்டே ஆக வேண்டும். வாத்தியார்களும்தான். யாரும் யாரையும் கேட்கக் கூடாது. இதுதான் சட்டம். கூடைக்குள் வறுத்த வேர்க்கடலை இருக்கும், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருக்கும், இலையில் பொதிந்த களியுருண்டை இருக்கும், மாங்காய்க் கீற்று, பலப்பத் துண்டு, ஒருநாள் ஒற்றை ரிப்பன்கூட இருந்தது.

எங்கே பிடித்தீர்கள் இந்தப் பழக்கத்தை என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கப்பாகிட்டத்தான். மாட்டுத் தரகரு அவுரு. நாலஞ்சு வயசுல எங்கம்மா போயிட்டாங்க. வூட்ல வுட்டுட்டுப் போவ ஆளில்ல, பாப்பாரப்பட்டிச் சந்தைக்குத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போவாரு. வாங்கறவன் கையும் விக்கறவன் கையும் துண்டுக்குள்ள இருக்கும். வெரலப் புடிச்சுத்தான் பேரம். சந்தையே சுத்தி நின்னாலும் வெல அந்த ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நஷ்டப்பட்டவன் தலையக் குனிய வேண்டியதில்ல, லாபம் பாத்தவன் மாரத் தட்ட வேண்டியதில்ல. மாட்டுக்கே அந்த மரியாதைன்னா, சோத்துக்கு வேணாமா?"

அவர்கள் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா தரகுக்குப் போகும்வரை பரம்பரையாய்க் காடு கழனி பார்த்தவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் குடையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு நடந்து போவார். மழையில்லாத அந்த வருஷத்திலும் குடை உண்டு. வகுப்புக்குள் நுழைவதற்கு முன் நெற்றியிலும் மார்பிலும் சடக்கென்று சிலுவை போட்டுக்கொள்வார். அதைப் பார்த்துப் பார்த்து ஒன்றாம் வகுப்பு முழுக்க அதே மாதிரி போட ஆரம்பித்தது. ஒரு பையன் மாரியம்மன் கோவில் வாசலிலும் போட்டு வைக்க, அவன் அம்மா வந்து முறையிட்டாள். "உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் நிக்கறான் இல்ல? அத மட்டும் வெச்சுக்கச் சொல்லு, மத்தத மறந்துருவான்" என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்.

பிள்ளைகள் அடித்துக்கொண்டால் பிரம்பைத் தேட மாட்டார். இரண்டு பேரையும் கிட்டே கூப்பிட்டு, மெதுவாக ஒரே கேள்வி கேட்பார். "நேத்து நீ தின்ன கெழங்கு இவன் வெச்சதா இருந்தா?" பையன் விழிப்பான். எதிரில் நிற்கிறவனைப் பார்ப்பான். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யார் கொடுத்தது என்று தெரியாததால் எல்லார் முகத்தையும் ஒரு தரம் பார்க்க வேண்டியிருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு. மத்தியானம் மரத்தடியில் தின்றுகொண்டே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். புளிய இலை பொடிப்பொடியாக அவர்கள் தலையில் உதிர்ந்துகொண்டிருக்கும். இந்தக் காட்சி நிஜமாகவே நடந்ததா, நான் கனவில் சேர்த்துக்கொண்டதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

வாத்தியார்களும்தான் என்றேனே, நானும் கையை விட்டேன், வைக்க அல்ல. அப்போது எனக்குச் சமைக்கத் தெரியாது. காலையில் பாதி நாள் பட்டினி. கூடையில் தினமும் ஒரு மூலையில் வறுத்துத் தோல் நீக்கிய புளியங்கொட்டை இருக்கும். வாயில் ஒதுக்கிக்கொண்டால் ஒரு மணி நேரம் தாங்கும். என் கைக்கு அந்த மூலை பழகிவிட்டது. ஒரு பிடி அள்ளிக்கொள்வேன். வைத்தது யார் என்று நான் யோசித்ததே இல்லை. என் வகுப்பில் நாள் முழுக்க நன்றி, நன்றி என்று ஓதிக்கொண்டிருந்தவள் நான்!

பெரிய டீச்சரிடம் ஒன்று கவனித்தேன். கையை மூடிக்கொண்டு உள்ளே விடுவார். ஆனால் வெளியே வரும்போது விரித்த கைதான் வரும். அவர் போட்ட சட்டத்தை அவரே மீறுவார். "நீங்க எடுக்க மாட்டீங்களா டீச்சர்?" என்றால், "எனக்கென்ன கொறச்சல், மாசமானா சம்பளம் வருது" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்வார். தெருவிலும் அப்படித்தான். யாராவது ஒரு கட்டுக் கீரை கொடுத்தால் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அடுத்த நாளே இரண்டு கட்டாகத் திருப்பிக் கொடுத்தால்தான் தூக்கம் வரும்.

அந்த வருஷம் கிணற்றுத் தண்ணீரெல்லாம் அடிக்குப் போய்விட்டது. கூடையின் கனம் குறைந்தது. எடுக்கிற கைகள் கூடியிருக்க வேண்டும். எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. தட்டியில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் வரிசையில் திரும்பி வருகிறவர்களின் கை தெரியும். மாதம்மா என்ற இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கை தினமும் புடைத்துக்கொண்டு வந்தது. அவளுக்கு அப்பா இல்லை. அம்மா புளி தட்டுகிற கூலிக்குப் போகிறவள். அந்தப் பிள்ளை மரத்துக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு தின்பாள். பாவம் என்று நினைத்தேன். பாவம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

பொங்கல் முடிந்த சமயம், ஊரில் தோட்டம் துரவு உள்ள ஒரு பெரியவர் ஐந்து பாவாடை சட்டை தைத்துக்கொண்டு வந்தார். பெரிய டீச்சர் அன்றைக்குத் தர்மபுரி போயிருந்தார். "டீச்சரம்மாகிட்டக் குடுத்துருங்க, நா வர்றேன்" என்று திரும்பியவரை நான்தான் விடவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, மாதம்மாவை முன்னால் கூப்பிட்டு அதில் ஒன்றைக் கையில் கொடுத்தேன். பயிற்சிப் பள்ளி மேடைக் குரலில் பேசினேன். "இந்தப் பிள்ளை மாதம்மா. வீட்டிலே சாப்பாட்டுக்கு இல்லாமல் தினமும் கூடையிலே எடுத்துச் சாப்பிடுகிற பிள்ளை. மாதம்மா, ஐயாவுக்கு நன்றி சொல்லு."

பிள்ளைகள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்து, "நன்றிங்கய்யா" என்றாள். நான் பழக்கியிருந்தபடி மற்றவர்கள் கைதட்டினார்கள். பெரியவர் எழுந்துவிட்டார். "எதுக்கும்மா இதெல்லாம்" என்று யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடப் படியில் அந்தப் பாவாடையும் சட்டையும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு கல். மாதம்மா வரவில்லை.

அன்று மத்தியானம் கூடை வழக்கம்போல வைக்கப்பட்டது. பிள்ளைகள் வந்தார்கள், கையை விட்டார்கள். அத்தனை கையும் விரிந்தே வெளியே வந்தது. சில பிள்ளைகள் உள்ளங்கையைப் பக்கத்தில் இருப்பவனிடம் காட்டிவிட்டே போனார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. கூடை நிரம்பியது. மழையில்லாத வருஷத்தில், பாதிப் பிள்ளைகள் வயிறு ஒட்டிக் கிடக்க, கூடை மட்டும் நிரம்பியது. மூன்றாம் நாள் சாயங்காலம் பெரிய டீச்சர் அதை என் மேஜைமேல் கொட்டினார். ஊசிப்போன களி, கொஞ்சம் கடலை, மற்றதெல்லாம் கூழாங்கல். வைக்க ஒன்றும் இல்லாத பிள்ளைகள் ஓடையிலிருந்து கல்லைப் பொறுக்கி வந்து, கையை மூடி, எல்லாரும் பார்க்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"பாரும்மா, கல்லு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. புளியங்கொட்டையும் அந்த மூன்று நாளாகக் கூடையில் இல்லை என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு மாதம்மா வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் வெயில், குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒற்றை அறைக் கூரை வீடு. வாசலில் ஒரு ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதம்மா, எங்களைப் பார்த்ததும் குட்டியோடு உள்ளே போய்விட்டாள்.

அவள் அம்மா வெளியே வந்தாள். "வரமாட்டேங்கறாளுங்க டீச்சர். அடிச்சும் பாத்துட்டேன். இனிமே ஆடுதான் மேய்ப்பேங்கறா. அங்க எல்லாரும் இவள எடுத்துத் தின்னவளுன்னு சொல்றாங்களாம்." எங்களை உட்காரச் சொல்லிவிட்டு அடுப்படியைப் பார்த்தாள். "உங்களுக்குக் குடுக்க ஒண்ணுமில்லீங்க. இதத்தான் புள்ள தெனமும் வறுத்துக்கிட்டுப் போவும், நாலு நாளா அப்புடியே கெடக்குது." சட்டியோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

வறுத்துத் தோல் நீக்கிய புளியங்கொட்டை.

ஓட்டை வழியாக அவள் கை வெளியே வருவதைத்தான் பார்த்தேன். உள்ளே போனது எனக்குத் தெரியவில்லை. தினமும் அம்மா தட்டிப்போட்ட புளியில் சிதறிய கொட்டையைப் பொறுக்கி, வறுத்து, தோலெடுத்து, மடியில் கட்டிக்கொண்டு வந்து கூடையில் போட்டுவிட்டுத்தான் ஒரு பிடி எடுத்திருக்கிறாள். அவள் போட்டதை அள்ளி அள்ளித் தின்றவள் நான். எடுத்துச் சாப்பிடுகிற பிள்ளை என்று அவளை நிறுத்தி வைத்து நன்றி சொல்லச் சொன்னவளும் நான். நான் எதிலேயாவது சேர்த்தியா?

"எனக்கு வேணாம். சின்ன டீச்சருக்குக் குடு, அவங்களுக்கு அதுன்னா உசுரு" என்றார் பெரிய டீச்சர். அவருக்கு முன்பே தெரியுமா? கடைசிவரை நான் கேட்கவில்லை.

மாதம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கதவோரமாக வந்து நின்றாள். பெரிய டீச்சர் தோள்பையிலிருந்து பச்சைக் கரைத் துண்டை எடுத்தார். என் வலது கையையும் அவள் வலது கையையும் பிடித்துச் சேர்த்து வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினார்.

"ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கங்க. எங்க காதுல வுழ வேண்டியதில்ல. புள்ள கையப் புடிச்சு அழுத்துனா முடிஞ்சுதுன்னு அர்த்தம். இல்லன்னா ஆடு மேய்க்கட்டும்."

அவளுடைய அம்மாவை எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். வாசலில் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுவது கேட்டது. எத்தனை நாள் எத்தனை பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த சொல், அன்றைக்கு நாக்கில் வரவில்லை. விரலைத்தான் பிடித்தேன். அவள் விரல் நுனியெல்லாம் சூடு பட்டுக் காய்த்திருந்தது. சட்டியில் வறுக்கிற கை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. ஆட்டுக்குட்டி என் முந்தானையைத் தின்ன ஆரம்பித்தது. நான் இழுத்துக்கொள்ளவில்லை. துண்டுக்கு அடியில் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டோம் என்று கேட்காதீர்கள். அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். கடைசியில் அந்தச் சின்னக் கை என் கையை அழுத்தியது.

திங்கட்கிழமை கூடைக்கு முன்னால் முதல் ஆளாக நான் போய் நின்றேன். கையை விட்டேன், மூடிக்கொண்டு எடுத்தேன், பிள்ளைகள் அத்தனை பேரும் பார்க்க மூடிய கையோடு திரும்பி நடந்தேன். ஊசிய களியை எறிந்துவிட்டு மற்றதையெல்லாம் பெரிய டீச்சர் திரும்பக் கூடையிலேயே போட்டு வைத்திருந்தார்; என் கைக்குள் இரண்டு கூழாங்கல்லும் ஒரு வேர்க்கடலையும் இருந்தன. கடலையை எல்லார் எதிரிலும் மென்றேன். என் பின்னால் ஒரு பையன் மூடிய கையோடு வந்தான். அப்புறம் ஒருத்தி. வரிசையின் கடைசியில் மாதம்மா நின்றுகொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே தட்டியிலிருந்த ஓட்டையைச் சாணியும் மண்ணும் பிசைந்து நான் அடைத்தேன். பெரிய டீச்சர் கடந்து போகிறபோது பார்த்தார். "கொஞ்சம் தவிடு சேத்துக்க, அப்பத்தான் நிக்கும்" என்றார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் ஓய்வு பெற்றார். வேண்டாம் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் ஊரார் புளியமரத்தடியில் பந்தல் போட்டார்கள். நன்றியுரை என் பெயரில் போட்டிருந்தது. மாலை போட்டார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். பெரிய டீச்சர் கூச்சத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சால்வையை வாங்கி அடுத்த நாற்காலிமேல் வைத்தார். பழத்தட்டை வாங்கிப் பக்கத்திலிருந்த பிள்ளையிடம் கொடுத்தார்.

என் முறை வந்தது. எழுந்தேன். அவர் சொன்ன மாதிரியே பாதிச் சனம் எழுந்து கிளம்பிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. கூடையைக் கொண்டுவந்து முக்காலிமேல் வைத்துத் துண்டை விரித்தேன். போனவர்கள் திரும்பி வந்தார்கள். பழைய பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், பாவாடை தைத்துக் கொடுத்த பெரியவர், எல்லாரும் வரிசையில் நின்று துண்டுக்குள் கையை விட்டார்கள். நானும் விட்டேன்.

கடைசியில் பெரிய டீச்சர் எழுந்து வந்தார். கையை விட்டார். வழக்கம்போல விரித்து வெளியே எடுக்கப் போனார். அப்போது பக்கத்தில் தாவணி போட்டுக்கொண்டு நின்ற பெண், பாப்பாரப்பட்டி உயர்நிலைப் பள்ளியில் படிக்கிற மாதம்மா, குனிந்து அவர் காதோடு சொன்னாள். எனக்கும் கேட்டது.

"மூடிக்கிட்டு எடுங்க டீச்சர். நீங்க போட்ட சட்டம்தானுங்க."

பெரிய டீச்சரின் கை துண்டுக்குள்ளேயே நின்றது. முகம் அந்த ஒரு மாதிரி ஆனது. ஒருத்தியை இத்தனை பேர் பார்க்க வாங்க வைக்கிறார்களே என்று இருந்திருக்கும். ஆனால் யாருக்கும் எதுவும் தெரியாதே, துண்டு இருக்கிறதே. ரொம்ப நேரம் கழித்து, கையை மூடிக்கொண்டு எடுத்தார்.

அன்றைக்குக் குடையையும் தூக்குப் போசியையும் இடது கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பிள்ளைகள் கையசைத்தார்கள். அவரும் வலது கையைத் தூக்கி அசைத்தார், விரிக்காமல். பஸ் ஏரிக்கரை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். கை மூடியபடியேதான் இருந்தது.